பின்கதவுக் கண்ணாடி

கல்லூரிப் பிள்ளைகள் அந்த டிரைவருக்கு வைத்த பெயர் ‘அவசரம்’. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். சிவப்பு விளக்கில் பஸ்ஸை நிறுத்தினால் ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். சாப்பிட உட்கார்ந்தால் கடைசி வாய் தொண்டையில் இறங்குவதற்குள் கை கழுவ எழுந்துவிடுவார். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கால் ஆட்டுகிற ஆட்டில் நாற்காலி தானாக ஜன்னல் பக்கம் நகர்ந்து போகும். “இந்த மனுஷன் கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டே பொறந்தவரு” என்பாள் மனைவி.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மலையளவு பொறுமை இருந்தது. பையன்களுக்காகக் காத்திருப்பதில்.

அந்தப் பஸ்ஸுக்கு இரண்டு கதவு. முன்கதவில் பெண் பிள்ளைகள் ஏற வேண்டும், பின்கதவில் பையன்கள். கல்லூரியின் சட்டம் அது. முன்கதவில் அவருக்கு வேலையே இல்லை. பஸ் நிற்பதற்குள் பெண்கள் வரிசையாக நிற்பார்கள், ஏறுவார்கள், உட்காருவார்கள், புத்தகத்தை விரிப்பார்கள். அந்தப் பக்கம் அவர் தலையைத் திருப்புவதுகூட இல்லை. அவர் கண் முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெரிய கண்ணாடியில்தான் இருக்கும். பின்கதவும் அதற்குப் பின்னால் தெருவும் அதில் தெரியும். தெருக்கோடியில் ஒருவன் ஒரு கையில் ஷூவும் மறு கையில் சீப்புமாக ஓடி வருவான். இவர் ஹாரனை நீளமாக அழுத்துவார். இன்னொருவன் அப்போதுதான் மாடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கும் ஒரு ஹாரன்.

“வாடா ராசா, வா! பல்லு நாளைக்கும் இருக்கும், பஸ் இருக்காது!” என்று கத்துவாரே தவிர வண்டியை எடுக்கமாட்டார். முன்சீட்டுப் பெண்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். “அண்ணே, எங்களுக்கு முதல் பீரியடே டெஸ்ட்டு” என்று யாராவது சொன்னால், “இதோ வந்துட்டான் பாப்பா, இதோ” என்பார். கல்லூரியில் வண்டிகளைக் கவனிக்கிற மேனேஜர் தாமதத்துக்குக் காரணம் கேட்டால் டிராஃபிக் மேல் பழி போடுவார். பாவம், டிராஃபிக் வந்து மறுக்கவா போகிறது!

ஒரு பெண் நிறுத்தத்தில் இல்லையென்றால் மட்டும் நிற்கமாட்டார். அவள் இல்லையென்றால் லீவு. வருகிறவளாக இருந்தால் முன்னாலேயே வந்து நின்றிருப்பாள். இது அவர் கணக்கு. பல வருஷம் தப்பாமல் வந்த கணக்கு.

அவருடைய பொறுமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்த வண்டியில் அவர் ஏறிய புதிதில் பையன்கள் படிக்கட்டில் தொங்குவார்கள். உள்ளே போகச் சொல்லிக் கத்திக் கத்தியே அவர் தொண்டை போனது. பெண்கள் முன்னால் சில வரிசைகளில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பெண்களின் வரிசை பின்னால் நகர்ந்தது. முதலில் பாதி வண்டி வரைக்கும், அப்புறம் முக்கால் வண்டி வரைக்கும். இப்போது பையன்கள் கடைசி பெஞ்சிலும் அதற்கு முந்தைய சீட்டிலும் அடங்கிவிட்டார்கள். சேருகிறவர்களே குறைவு. சேர்ந்தவர்களிலும் சிலர் ஃபெயிலாகி நின்றுவிட்டார்கள், சிலர் பார்சல் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களை அவர் சிக்னலில் பார்ப்பார். முதுகில் பெரிய பையோடு பைக்கில் நின்றுகொண்டு, “அண்ணே, நம்ம சீட்டு பத்திரமா?” என்பார்கள். அன்று முழுக்க அவருக்கு மனசு ஒரு நிலையில் நிற்காது.

என்னதான் ஆச்சு இந்தப் பசங்களுக்கு? பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். கல்லூரி வாசலில் டீ போடுகிறவர், “எல்லாம் போனு” என்றார். “போன் பொண்ணுங்க கையிலயும்தானேய்யா இருக்கு?” என்று கேட்டதற்கு டீக்காரர் பாலை ஆற்றுவதில் மும்முரமாகிவிட்டார். வாட்ச்மேன், “அடி பத்தலண்ணே” என்றார். அவரே தன் பையனை அடித்து வளர்த்தவர்தான், அந்தப் பையனும் படிக்கவில்லை என்பதை இவர் ஞாபகப்படுத்தவில்லை. கணக்கு வாத்தியார் மட்டும் நின்று யோசித்துவிட்டு, “எனக்கும் தெரியலைங்க. கிளாஸ்ல நான் கேள்வி கேட்டா பொண்ணுங்க பதில் சொல்றாங்க, பசங்க பதில் சொன்ன பொண்ணைப் பார்க்கிறாங்க” என்றார்.

பரிசளிப்பு விழா வந்தால் அவருக்கு இன்னும் வேதனை. டிரைவர்கள் எல்லாரும் மண்டபத்தின் கடைசியில் நின்று பார்ப்பார்கள். மேடையில் பெண்ணுக்குப் பின் பெண்ணாக வந்து மெடல் வாங்குவார்கள். ஒரு தடவை நடுவில் ஒரு பையன் மேடையேறினான். அவசரம் கை வலிக்கக் கைதட்டினார். அவன் மைக்கின் உயரத்தைச் சரிசெய்துவிட்டு இறங்கிப் போனான்.

அதன் பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. முன்சீட்டில்தான் ஏதோ இருக்கிறது! பெண்கள் போகிற வழியெல்லாம் ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டுப் படிக்கிறார்கள். பின்னால் பாட்டும் அரட்டையும். ஆகவே பையன்களை முன்னால் உட்கார வைத்தார், பெண்களைப் பின்னால் அனுப்பினார். ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. முன்னால் வந்த பையன்கள் வெயில் முகத்தில் படுகிறது என்று திரையை இழுத்துவிட்டு அழகாகத் தூங்கினார்கள். பின்னால் போன பெண்கள் குலுக்கலில் தலை இடித்துக்கொண்டே படித்தார்கள். மேனேஜர் கூப்பிட்டு, “நீங்க வண்டியை ஓட்டுங்க, காலேஜை நாங்க ஓட்டிக்கிறோம்” என்றதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

இத்தனை தவிப்பும் ஊரான் பிள்ளைகளுக்காக என்று நினைத்தால் நாம்தான் ஏமாளி. அந்தக் கடைசி பெஞ்சில் அவர் பெற்ற மகனும் இருந்தான்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் கடைசி வருஷம் இயற்பியல். சின்னவன் இரண்டாம் வருஷம் வணிகவியல், தாண்டாத பேப்பர்கள் கையில் நிறைய. அவன் கெட்ட பையன் இல்லை. சிரித்த முகம், எதிர்த்துப் பேசமாட்டான், சொன்னால் “சரிப்பா” என்பான். அந்தச் ‘சரிப்பா’வுக்குப் பின்னால் எதுவும் நடக்காது, அவ்வளவுதான். அப்பா விடிவதற்கு முன்பே ஷெட்டுக்குப் போய் வண்டியை எடுக்க வேண்டும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வார்டில் காலை ஷிப்ட். ஆகவே அவனை எழுப்புவது, எழுப்பியவன் மறுபடி படுத்தால் தண்ணீர் தெளிப்பது, சட்டையைத் தேடிக் கொடுப்பது எல்லாம் பெரியவள் பொறுப்பு. எந்தப் பாடம் எங்கே விட்டிருக்கிறான் என்பதுகூட அவளுக்குத்தான் தெரியும்.

சின்னவனைப் பற்றி அவசரம் பேசாத நாள் இல்லை. பெரியவளைப் பற்றி யாராவது கேட்டால், “அவளுக்கென்ன, அவ பார்த்துக்குவா” என்பார். பெருமையாகத்தான் சொல்வார். மகளுக்குத் தான் கொடுக்கிற பெரிய மெடல் அதுதான் என்று அவருக்கு நினைப்பு. இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிற அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் அவளுக்குத் தலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. தங்குகிற செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரே நிபந்தனை. கடைசி செமஸ்டரில் எல்லாப் பேப்பரையும் அந்தத் தடவையே எழுதித் தேறிவிட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இடம் அடுத்தவருக்கு. அவள் வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா, “சபாஷ்!” என்றார். உடனே சின்னவன் பக்கம் திரும்பி, “கேட்டியாடா? அக்காவைப் பாரு” என்றார். பேச்சு அப்படியே அவன் பேப்பர்களுக்குப் போய்விட்டது.

பரீட்சைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசிப் பேப்பர் அன்று சின்னவனுக்கும் அதே நேரத்தில் பரீட்சை, பழைய பேப்பர் ஒன்று.

அன்று காலை இரண்டு பேரும் நிறுத்தத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பாதி வழியில் சின்னவன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். பேண்ட் பையைத் தடவினான். அப்புறம் அக்காவைப் பார்த்தான்.

“ஹால் டிக்கெட்டா?” என்றாள் அவள்.

“டேபிள் மேலயே வெச்சுட்டேன்க்கா.”

“நீ போய் நில்லு. அப்பாவை நிக்கச் சொல்லு. நான் ஓடிப்போய் எடுத்துட்டு வரேன்.”

அவன் ஓட வேண்டிய ஓட்டம் அது. அவள் ஓடினாள். அந்த வீட்டில் யாருக்கும் இது வித்தியாசமாகத் தோன்றியிருக்காது.

பஸ் வந்தது. முன்கதவில் பெண்கள் ஏறினார்கள். அவசரம் கண்ணாடியைப் பார்த்தார். தெருவில் சின்னவன் மெதுவாக நடந்து வருவது தெரிந்தது. ஹாரனை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பையன் ஓட்டமும் நடையுமாக வந்து பின்கதவில் ஏறினான். பரீட்சைக்கு மகன் வந்துவிட்டான்! அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. இரண்டு கதவையும் மூடிக் கியரைப் போட்டார். பெரியவள் ஏறினாளா என்று அவர் பார்க்கவில்லை. அவள் என்றைக்கு ஏறாமல் இருந்தாள்?

சின்னவன் ‘அப்பா, அக்கா’ என்று வாயெடுத்தான்தான். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அக்கா எப்படியும் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று அவனும் நினைத்துக்கொண்டான். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சாய்ந்தான். பரீட்சைக் காலத்தில் ஆளுக்கு ஒரு நாள் பரீட்சை, அதனால் முன்னால் ஒரு சீட் காலியாக இருந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

கல்லூரியில் எல்லாரும் இறங்கினார்கள். ஓட்டும்போது போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. அவர் அதை உயிர்ப்பித்ததும் பெரியவளின் போனிலிருந்து வந்த அழைப்புகள் வரிசையாக நின்றன. திருப்பி அடித்தார், எடுக்கவில்லை. பரீட்சை ஹாலுக்குள் போன் கூடாது என்று அவள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது அவருக்குத் தெரியும். முன்சீட்டில் எப்போதும் அவள் பக்கத்தில் உட்காருகிற பெண் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, என் பொண்ணு எங்க?”

“அவ இன்னிக்கு ஏறவே இல்லையேண்ணே. நான் கேட்டேன், நீங்க ஹாரன் அடிச்சுட்டு இருந்தீங்க.”

பரீட்சை ஆரம்பித்து அரை மணி வரைக்கும் உள்ளே விடுவார்கள், அப்புறம் கதவைச் சாத்திவிடுவார்கள். ஐயோ, என் பொண்ணை விட்டுட்டேனே! யாரிடமும் கேட்காமல், காலி பஸ்ஸைத் திருப்பினார். மேனேஜர் கையை ஆட்டிக்கொண்டே கேட் வரைக்கும் ஓடி வந்தது கண்ணாடியில் தெரிந்தது.

அத்தனை பெரிய வண்டி ஒரு பெண்ணுக்காக ஊரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. எதிரில் வந்தவர்கள் திட்டினார்கள். ஆட்டோக்காரர் ஒருவர், “யோவ், பிரேக் இல்லையா?” என்றார். அவசரம் வாய்க்குள் முனகிக்கொண்டே ஓட்டினார். அங்கேயே நில்லும்மா. நகராதேம்மா. அப்பா வந்துட்டேன். மேம்பாலத்தின் கீழ் நெரிசலில் வண்டி நின்றபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

நிறுத்தத்தில் யாரும் இல்லை. ஹாரன் அடித்தார். அவளுக்காக அவர் அடித்த முதல் ஹாரன் அது. தெருவே எட்டிப் பார்க்கும்படி அடித்தார். வீட்டுக்கு ஓடினார். பூட்டியிருந்தது. திரும்பி வந்து மறுபடி அடித்தார். எதிரே மருந்துக் கடையைத் திறந்துகொண்டிருந்தவர் கீழே இறங்கி வந்து, “உங்க பொண்ணா? அது அப்பவே போயிடுச்சுங்க. தண்ணி கேன் வண்டிய மறிச்சு ஏறிடுச்சு” என்றார். “நீங்க எதுக்கு இங்க நின்னு ஹாரன் அடிக்கிறீங்க?”

நின்று காத்திருக்கிற பிள்ளையையா அவர் பெற்றிருக்கிறார்? மீண்டும் வண்டியைத் திருப்பினார்.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் கேட்டைத் திறந்தபடியே கத்தினார். “அண்ணே, பாப்பா வந்துடுச்சு! கதவு சாத்துற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. டிரெஸ் எல்லாம் தண்ணி. என்னா ஓட்டம்ங்கிறீங்க!”

அவசரம் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டார். மகளின் இடம் போகவில்லை. படிப்பு போகவில்லை. தன்னால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அவள் வெளியே வந்ததும் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

“தம்பியோட ஹால் டிக்கெட்டைப் பாப்பா என்கிட்ட குடுத்துட்டுப் போச்சு” என்று வாட்ச்மேன் ஜன்னல் வழியாக நீட்டினார். “வந்து வாங்கிக்குவான்னுச்சு. நானும் பார்க்கிறேன், ஆளையே காணோம்.”

சின்னவன் பஸ் நிற்கிற இடத்தில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் எழுந்தான்.

“என்னடா, பரீட்சை?”

“ஹால் டிக்கெட் இல்லையேப்பா.”

“ஆபீஸ்ல கேட்டா வேற ஒண்ணு குடுப்பாங்களேடா! போட்டோவைப் பார்த்து அங்கேயே குடுக்கிறாங்களே!”

“அக்கா கொண்டு வந்துடுவான்னு இங்கயே உட்கார்ந்திருந்தேன்ப்பா. பஸ்ஸும் இல்ல, அவளும் வரல.” அவன் குரலில் குற்றம் சொல்கிற தொனிகூட இல்லை. மழை வரும் என்று நினைத்தேன், வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

அவசரம் அவனை அடிக்கக் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார், எழுந்தார், பஸ்ஸைச் சுற்றி நடந்தார். மேனேஜர் வந்து பிடிபிடி என்று பிடித்துவிட்டு, மெமோ கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அது காதில் ஏறவில்லை. மகள் போய்ச் சேர்ந்த நிம்மதி நெஞ்சில் தங்கவே இல்லை. வாட்ச்மேன் தந்த காகிதம் கையில் கசங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பேப்பர் போச்சு. இன்னும் ஆறு மாசம் போச்சு. இவனும் பைக்கும் பையுமாகச் சிக்னலில் வந்து நின்றுவிடுவான். கொஞ்சம் முன்னாடி இது இவன் கைக்கு வந்திருந்தால்? கொஞ்ச தூரம், இந்த மரத்தடி வரைக்கும், யாராவது கொண்டு வந்திருந்தால்?

மணி அடித்தது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். பெரியவள் கடைசியாக வந்தாள். பாவாடை முழங்கால் வரைக்கும் நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது. தலை கலைந்திருந்தது. பக்கத்தில் வந்த தோழி, “ஒரு கேள்வி விட்டுட்டா அண்ணே, டைம் பத்தலையாம். ஆனா பாஸ் ஆயிடுவா” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். பெரியவள் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஓடிக் களைத்த பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

காலையிலிருந்து சேர்த்து வைத்த மன்னிப்பெல்லாம் அவர் தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தார்.

“தம்பியோட ஹால் டிக்கெட்டை அவன் கையில குடுத்துட்டுப் போயிருக்கலாமேம்மா?”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது.

பெரியவள் மரத்தடியில் உட்கார்ந்திருந்த தம்பியை ஒரு தடவை பார்த்தாள்.

“அவனைத் தேடிப் போயிருந்தா எனக்குக் கதவைச் சாத்தியிருப்பாங்கப்பா” என்றாள். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல, “சாத்தியிருந்தா பரவாயில்லையா?” என்று கேட்டாள்.

‘இல்லம்மா’ என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அவர் வாய் அசைந்தது, வார்த்தை வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அவள் அந்த நேரம் வரைக்கும் நின்றாள். அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டவுன் பஸ் நிற்கிற பெரிய ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.